சிரை வடிகட்டி வைத்த ஐந்தாம் நாள் வயிற்றுக்குப் பின்னால் இரத்தக்கசிவு: ஒரு நிகழ்வு ஆய்வு

உடலின் கீழ்ப்பாதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் கீழ்ப்பெருஞ்சிரையில், கால் உறைவு நுரையீரலுக்குப் போகாமல் பிடிக்கும் கம்பி வடிகட்டி வைக்கப்பட்ட ஒருவருக்குத் திடீரென ஹீமோகுளோபின் இறங்கினால், சந்தேகப் பட்டியலின் மேல்வரிசையில் அந்த வடிகட்டி இருக்க வேண்டும். நடைமுறையில் அது கடைசியில்தான் வருகிறது. நோயாளிக்கு ஏற்கெனவே இரத்தம் கசிந்த இடம் ஒன்று தெரிந்திருக்கும். அதனால் உறைவெதிர் மருந்து தர முடியாமல்தானே வடிகட்டியே வைத்தோம். எனவே எல்லோருடைய கண்ணும் அந்தப் பழைய இடத்துக்கே திரும்புகிறது. இந்தப் பழக்கத்தால் எத்தனை மணி நேரம் வீணாகும், அந்த நேரத்தில் என்ன நடக்கும் என்பதைக் காட்டவே இந்த ஆய்வு. இது கற்பித்தலுக்காக அமைக்கப்பட்ட நிகழ்வு; தனி ஒருவரின் மருத்துவக் குறிப்பு அல்ல. அளவுகளும் மருந்து அளவுகளும் வார்டில் அப்படியே பயன்படக்கூடியவை.

நோயாளி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த் பகுதியைச் சேர்ந்த 68 வயதுத் தமிழ்ப் பெண். எடை 82 கி.கி., உயரம் 156 செ.மீ. உயர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. மூட்டுவலிக்குப் பல ஆண்டுகளாக டைக்ளோஃபெனாக். அதோடு தலைவலிக்குக் கடையில் வாங்கும் ஆஸ்பிரின் கலந்த பொடி. இந்தப் பொடியை யாரும் மருந்தாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் வரும். குவாசுலு-நட்டால் (கே.இசட்.என்.) மாகாணத்தில் முதியவர்களிடம் மருந்து விவரம் கேட்கும்போது 'பொடி ஏதாவது போடுவீங்களாம்மா?' என்று தனியாக ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது.

வீட்டில் விழுந்து இடது தொடை எலும்பின் மேற்பகுதி முறிந்தது. கம்பி வைத்து அறுவை சிகிச்சை நடந்தது. ஒன்பதாம் நாள் இடது கால் முழுவதும் வீங்கியது. மறுநாள் மூச்சுத் திணறல். அல்ட்ராசவுண்டில் இடது தொடைச் சிரையிலிருந்து இடுப்புச் சிரை வரை உறைவு. சி.டி. ஸ்கேனில் இரு நுரையீரல் தமனிகளிலும் அடைப்பு, வலது இதயக் கீழறை இடதை விடச் சற்றுப் பெரிது. இரத்த அழுத்தம் நிலையாக இருந்தது. உறைவெதிர் ஊசியான இனாக்ஸாபாரின் 80 மி.கி. 12 மணிக்கொரு முறை தொடங்கப்பட்டது. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் 98 மைக்ரோமோல்; இந்த அளவு அவருக்குப் பொருந்தும். சிறுநீரக வடிதிறன் நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே இருந்தால் நாளுக்கு ஒரே ஒரு ஊசி என்று குறைக்க வேண்டும். முதியவர்களிடம் இது அடிக்கடி மறக்கப்படுகிறது.

கே.இசட்.என். பகுதியில் கால் உறைவோடு வருகிறவரிடம் காசநோயையும் எச்.ஐ.வி.யையும் கேட்காமல் விடக்கூடாது. இரண்டுமே உறைவை வரவழைப்பவை. அதோடு, காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் உறைவெதிர் மாத்திரைகளான வார்ஃபரின், ரிவராக்சபான் இரண்டின் வேலையையும் பெரிதும் குறைத்துவிடும். இந்த நோயாளிக்கு இரண்டும் இல்லை.

மருந்து தொடங்கிய நான்காம் நாள் கறுப்பு மலம், தலைசுற்றல். நாடித்துடிப்பு 118, அழுத்தம் 96/58. ஹீமோகுளோபின் 10.8-இலிருந்து 6.9 கிராம். யூரியா 16 மில்லிமோல் (இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்). இனாக்ஸாபாரின் நிறுத்தப்பட்டது. கடைசி ஊசி போட்டு 5 மணி நேரமே ஆகியிருந்ததால் அதை முறிக்கும் புரோட்டமைன், ஒரு மி.கி. இனாக்ஸாபாரினுக்கு ஒரு மி.கி. என்ற கணக்கு, ஆனால் ஒரே வேளையில் 50 மி.கி.க்கு மேல் தருவதில்லை, எனவே 50 மி.கி. தரப்பட்டது. இனாக்ஸாபாரினைப் புரோட்டமைன் முழுதாக முறிக்காது, ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான். உள்நோக்கியில் முன்சிறுகுடலில் 1.2 செ.மீ. புண், நடுவில் தெரியும் இரத்தக்குழாய். பத்தாயிரத்துக்கு ஒன்று அளவில் அட்ரினலின் ஊசி, அதன்மேல் இரண்டு கிளிப். பின்பு இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் 80 மி.கி. உடனடியாக, தொடர்ந்து மணிக்கு 8 மி.கி. என 72 மணி நேரம்.

இப்போது நுரையீரலில் உறைவு, காலில் இன்னும் பெரிய உறைவு, உறைவெதிர் மருந்தும் தர முடியாத நிலை. வடிகட்டி வைக்க ஐயத்துக்கு இடமில்லாத காரணம் இதுதான். வேறு பல காரணங்களுக்காக வடிகட்டி வைப்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. புதிய உறைவும் மருந்துத் தடையும் ஒன்றாக வரும்போது இல்லை. அதே சமயம், மருந்து தர முடிந்தவருக்கு வடிகட்டியைக் கூடுதலாக வைப்பதால் பயன் தெரியவில்லை. பிரான்சில் நடந்த பிரெபிக்-2 ஆய்வில் (2015) மருந்தோடு வடிகட்டியும் பெற்றவர்களிடம் மூன்று மாதத்தில் நுரையீரல் அடைப்பு மீண்டும் வந்தது 3 விழுக்காடு. மருந்து மட்டும் பெற்றவர்களிடம் 1.5 விழுக்காடு. அதற்கு முந்தைய பிரெபிக் ஆய்வில் வடிகட்டி நுரையீரல் அடைப்பைக் குறைத்தது, ஆனால் இரண்டு ஆண்டுகளில் கால் உறைவை 11.6-இலிருந்து 20.8 விழுக்காடாக உயர்த்தியது. உயிரிழப்பில் மாற்றம் இல்லை.

பொருத்திய நாள்

உள்நோக்கி முடிந்த மறுநாள் காலை, வலது கழுத்துச் சிரை வழியாகப் பொருத்தப்பட்டது. இடது தொடையில் உறைவு. வலது தொடை வழியும் சாத்தியம்தான். ஆனால் இரத்தம் கசியும் அபாயம் உள்ளவரிடம் கழுத்தே மேல். அல்ட்ராசவுண்டில் பார்த்துக் குத்தலாம், கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், பத்துப் பதினைந்து நிமிடம் விரலால் அழுத்தினால் நிற்கும். தொடையில் இடுப்பு மடிப்புக்கு மேலே குத்திவிட்டால் இரத்தம் வயிற்றுக்குப் பின்னால் இறங்கும், வெளியே ஒரு துளி தெரியாது. வடிகட்டிக்குப் பிந்தைய கசிவுகளில் அதிகம் காண்பது குத்திய இடத்துக் கசிவுதான்; பெரும்பாலும் அது சிறியது, அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

சாயம் செலுத்தி எடுத்த நேர்முகப் படத்தில் கீழ்ப்பெருஞ்சிரையின் அகலம் 22 மி.மீ. பெரும்பாலான வடிகட்டிகள் 28 அல்லது 30 மி.மீ. வரை பொருந்தும் என்பதால் அளவு சரி என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. சிறுநீரகச் சிரைகள் 1, 2-ஆம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே சேர்ந்தன. அதற்குச் சற்றுக் கீழே வடிகட்டியின் உச்சி, கால்கள் 3-ஆம் முள்ளெலும்பின் மட்டத்தில். கூம்பு வடிவம், திரும்ப எடுக்கக்கூடிய வகை. இறுதிப் படத்தில் 11 பாகை சாய்வு. 15 பாகைக்குள் இருந்தால் ஏற்கலாம் என்பது வழக்கம்.

இந்தப் பொருத்தலில் ஒரு விஷயம் யார் கண்ணிலும் படவில்லை. முந்தைய இரவு இரண்டு லிட்டருக்கு அருகில் இரத்தம் இழந்தவர், பொருத்தும்போது இரண்டு யூனிட் மட்டுமே ஏறியிருந்தது. உடலில் இரத்தம் குறைவாக உள்ளபோது கீழ்ப்பெருஞ்சிரை முன்பின்னாகத் தட்டையாகிவிடும். நேரே முன்னிருந்து எடுக்கும் படத்தில் பக்கவாட்டு அகலம் மட்டுமே தெரியும், 22 மி.மீ. என்று தெரிந்த அந்தக் குழாயின் முன்பின் அளவு வெறும் 9 மி.மீ. என்பதைப் பின்னர் சி.டி.யில் அளந்தபோதுதான் தெரிந்தது. முப்பது மில்லிமீட்டர் விரியத் துடிக்கும் கம்பிகளை ஒன்பது மில்லிமீட்டர் இடைவெளிக்குள் விட்டால், முன்னும் பின்னும் இருக்கும் கால்கள் சுவரை முழு விசையோடு அழுத்தும். குறுகிய சந்தில் குடையை விரித்தது போலத்தான். பின்பக்கச் சுவருக்கு வெளியே என்ன இருக்கிறது என்பது இந்த நிகழ்வின் உயிர்நாடி. இடுப்பு முதுகெலும்புப் பகுதிக்கு இரத்தம் தரும் லம்பார் தமனிகளில் வலது பக்கத்தவை பெருந்தமனியின் பின்புறத்திலிருந்து கிளம்பி, முள்ளெலும்பைத் தழுவியபடி கீழ்ப்பெருஞ்சிரைக்கு நேர் பின்னால் வலப்புறம் செல்கின்றன. இடப்பக்கத் தமனிகளுக்கு இந்த அண்டைவீடு இல்லை. ஆகவே வலப்பின் திசையில் துளைக்கும் கம்பி முதலில் தொடுவது ஒரு தமனியை. இவருக்கு 3-ஆம் முள்ளெலும்பின் வலது முன்விளிம்பில் வயதால் வளர்ந்த எலும்பு முனையும் இருந்தது. சிரை அதன்மேல் படிந்து கிடந்ததால் கம்பிக்கும் தமனிக்கும் நடுவே மெத்தையாக இருக்க வேண்டிய கொழுப்பு அங்கே இல்லை.

அவசரத்திலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. படுக்கையருகே அல்ட்ராசவுண்டில் சிரையை இரு திசையிலும் அளக்க இரண்டு நிமிடம் போதும். முன்பின் அளவு 10 மி.மீ.க்குக் கீழே இருந்தால், நோயாளி தாங்குவார் என்றால், முதலில் இரத்தம் ஏற்றி, சிரை உருண்டையான பிறகு வடிகட்டி வைப்பது நல்லது. தாமதிக்க முடியாத நிலையில், விரிவிசை குறைந்த வடிகட்டியைத் தேர்ந்தெடுத்து, குறிப்பேட்டில் 'தட்டைச் சிரையில் வைக்கப்பட்டது' என்று எழுதிவைப்பது அடுத்து வருகிறவருக்கு உதவும்.

மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை

வடிகட்டி வைத்த மூன்றாம் நாள் வரை புண்ணிலிருந்து கசிவு இல்லை. மொத்தம் மூன்று யூனிட் ஏற்றிய பின் ஹீமோகுளோபின் 9.4. கிளிப் போட்ட புண் மீண்டும் கசிவது பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்தில். அது கடந்ததால் இன்னொரு உறைவெதிர் மருந்தான ஹெப்பாரின் சொட்டு தொடங்கப்பட்டது. தொடக்க ஊசி இல்லாமல், கிலோவுக்கு மணிக்கு 12 யூனிட், அதாவது மணிக்கு 1,000 யூனிட். ஏ.பி.டி.டி. (இரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் சோதனை) இலக்கு 45 முதல் 60 விநாடி. இது சரியான முடிவு. ஹெப்பாரின் நிறுத்தினால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறையும். புரோட்டமைன் முழுதாக முறிக்கும். இனாக்ஸாபாரினிடம் இந்த வசதி இல்லை.

ஐந்தாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வலது விலாவின் கீழே வலி, முதுகுக்கு ஓடியது. 'தொடைக்கு முன்னாடி மரத்துப் போச்சு, காலை நீட்ட முடியல' என்றார். வலது முழங்காலை மடக்கியே வைத்திருந்தார், நீட்டினால் வலி கூடியது. நாடி 112, அழுத்தம் 88/50. ஹீமோகுளோபின் 7.1.

முதல் பார்வையில் முடிவு: புண் மீண்டும் கசிகிறது, இடுப்பு வலி அறுவை சிகிச்சையின் வலி. இரண்டும் தவறு, இரண்டையும் மறுக்கும் சான்றுகள் படுக்கையிலேயே இருந்தன. அறுவை நடந்தது இடது பக்கம். வலி வலது பக்கம். மேல்குடல் கசிவில் யூரியா உயரும், முதல் கசிவில் 16 இருந்தது, இப்போது 5.8. மலம் கறுப்பாகவே இருந்தது, ஆனால் அது பழைய இரத்தம், புதிதாகக் கழியவில்லை. தொடையின் முன்புறம் மரத்துப் போவதும் முழங்காலை நீட்ட முடியாததும் தொடை நரம்பின் அடையாளங்கள். அந்த நரம்பு, முதுகெலும்பின் பக்கத்திலிருந்து தொடைக்கு இறங்கும் சோவாஸ் தசைக்கு உள்ளே ஓடுகிறது, அந்தத் தசையில் இரத்தம் சேர்ந்தால் நசுங்கும். விலாவில் நீலம் பாய்வதைப் பார்க்கக் காத்திருந்தால் ஒரு நாள், இரண்டு நாள் போய்விடும்.

ஹெப்பாரின் உடனே நிறுத்தப்பட்டது. புரோட்டமைன் கணக்கு: கடைசி ஒரு மணி நேரத்தின் முழு அளவு 1,000, அதற்கு முந்தைய மணியில் பாதி 500, அதற்கும் முன்பு கால்பங்கு 250, மொத்தம் 1,750 யூனிட். நூறு யூனிட்டுக்கு ஒரு மி.கி., எனவே 17.5, 20 மி.கி. பத்து நிமிடத்தில் மெதுவாகத் தரப்பட்டது. வேகமாகத் தந்தால் அழுத்தம் சரியும். கால் மணி நேரம் கழித்து ஏ.பி.டி.டி. 33 விநாடி, அதாவது இயல்பு. நிறுத்துவதற்கு முன்பு எடுத்ததும் 57தான், இலக்குக்குள்.

இந்த இரண்டு எண்களும் சேர்ந்து சொல்வது முக்கியமானது. மருந்து அளவு மீறவில்லை. முறித்த பின்பும், ஒரு யூனிட் ஏற்றிய பின்பும், ஹீமோகுளோபின் 6.9-க்கு இறங்கியது. இரத்தம் உறையும் தன்மை சரியாக இருந்தும் கசிவு நிற்கவில்லை என்றால் எங்கோ ஒரு குழாயில் ஓட்டை இருக்கிறது, அது தமனியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். படுத்திருப்பவரின் கீழ்ப்பெருஞ்சிரை அழுத்தம் 5 முதல் 10 மில்லிமீட்டர் பாதரசம். வயிற்றுக்குப் பின்னுள்ள இறுக்கமான இடத்தில் சிரையிலிருந்து வரும் இரத்தம் தன் கனத்தாலேயே தன்னை அடைத்துக்கொள்ளும். தமனிக்கு அது பொருட்டல்ல.

இதற்கிடையே உள்நோக்கிக்கு ஏற்பாடாகி, செய்து முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. இரைப்பையில் தெளிந்த பித்தநீர், புண்ணில் கிளிப்புகள் அப்படியே. இந்த மூன்று மணி நேரம் சி.டி. ஸ்கேனுக்குப் போயிருக்க வேண்டியது.

இரத்தம் ஏற்றியதில் ஒரு கவனம். நுரையீரல் அடைப்பால் வலது இதயம் ஏற்கெனவே திணறுகிறது. உப்புநீரை லிட்டர் கணக்கில் ஊற்றினால் அது மேலும் விரியும். 500 மி.லி. வரை உப்புநீர், பின்பு சிவப்பணு மட்டுமே. சராசரி அழுத்தம் 65 இலக்கு. வகை பார்க்கும் வரை அவசர ஓ நெகட்டிவ் யூனிட், பின்பு தென்னாப்பிரிக்க இரத்தச் சேவையிலிருந்து பொருத்தம் பார்த்த யூனிட்கள். உறைந்த பிளாஸ்மா உருக நேரமாகும் இடங்களில் டர்பன் அருகே பைன்டவுனில் தயாராகும் உலர்பிளாஸ்மா கையில் இருந்தால் நல்லது. தண்ணீர் சேர்த்துச் சில நிமிடத்தில் ஏற்றலாம். இரத்தக் கட்டி கரையாமல் தடுத்துக் கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் தரப்படவில்லை. குடல் கசிவுக்கு இதைச் சோதித்த, பன்னிரண்டாயிரம் பேரைக் கொண்ட ஹால்ட்-இட் ஆய்வில் (2020) உயிரிழப்பு குறையவில்லை, சிரை உறைவு 0.4-இலிருந்து 0.8 விழுக்காடாக இரட்டித்தது. புதிய நுரையீரல் அடைப்பு உள்ளவருக்கு அதைக் கொடுப்பதை எங்களால் ஆதரிக்க முடியவில்லை.

சி.டி. படமும் கணக்கும்

மூன்று கட்டமாக எடுக்க வேண்டும்: சாயம் இல்லாமல், தமனிக் கட்டம், பின்பு 70 முதல் 80 விநாடியில் சிரைக் கட்டம். சிரைக் கட்டம் மட்டும் எடுத்தால் இரத்தக் கட்டி தெரியும், அது எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. சாயம் 100 மி.லி., விநாடிக்கு 4 மி.லி.

வலது சோவாஸ் தசையையும் சிறுநீரகத்தின் பின்பக்கத்தையும் நிறைத்து 16 × 11 × 13 செ.மீ. இரத்தக் கட்டி, சிறுநீரகம் முன்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. மூன்று அளவையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கினால் சுமார் 1,190 மி.லி. இடுப்புக்குழிக்குள் இறங்கியதையும் சேர்த்தால் ஒன்றரை லிட்டர். இவருடைய மொத்த இரத்தம் ஏறத்தாழ 4.2 லிட்டர், 9.4-இலிருந்து 7.1 ஆக வேண்டுமானால் கால்வாசி, அதாவது ஒரு லிட்டர் போயிருக்க வேண்டும், அதன்பின் ஏற்றிய யூனிட்டும் கரைந்தது. படத்தில் உள்ள கட்டி இழப்பை விளக்குகிறது. இந்தக் கணக்கை ஒவ்வொரு முறையும் போட்டுப் பார்ப்பது வீண் வேலை அல்ல: கட்டி 300 மி.லி. மட்டும் என்றால் இன்னொரு இடத்திலும் கசிகிறது என்று பொருள்.

வடிகட்டியின் ஒரு கால் வலப்பின் சுவரைத் தாண்டி 8 மி.மீ. வெளியே, 3-ஆம் முள்ளெலும்பின் அருகே. சுவருக்கு வெளியே 3 மி.மீ.க்கு மேல் நீண்டால் துளைத்ததாகக் கொள்வது வழக்கம். அதன் நுனியருகே தமனிக் கட்டத்தில் ஒரு புள்ளி ஒளிர்ந்தது, சிரைக் கட்டத்தில் பரவிப் பெரிதானது: அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கசிவு. சிரையிலிருந்து சாயம் வெளியேறவில்லை.

கூம்பு வடிவ வடிகட்டிகளின் கால்கள் நாளடைவில் சுவரைத் தாண்டுவது சி.டி.யில் அடிக்கடி தெரியும். பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது. ஆகவே துளைத்தது என்பதாலேயே பதற வேண்டாம். துளைத்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. முன்புறம் துளைத்தால் முன்சிறுகுடல்: கசிவு பல வாரம், பல மாதம் கழித்துக் கறுப்பு மலமாக வரும், புண் என்றே நம்பப்படும். இடப்புறம் பெருந்தமனி. வலப்புறம் சிறுநீர்க்குழாய்: சிறுநீரில் இரத்தம். பின்புறம் முள்ளெலும்பும் லம்பார் தமனியும்.

வேறு காரணங்களும் பார்க்கப்பட்டன. ஹெப்பாரின் பெறுபவருக்குத் தானாகவே சோவாஸ் தசையில் கசிவது உண்டு. அப்போது கட்டிக்குள் இரத்த அணுக்கள் கீழே படிந்து மேலே தெளிநீர் நின்று ஒரு கோடு தெரியும். இங்கே அது இல்லை. இடது அறுவைப் பகுதி சுத்தம்.

அடைத்தது எப்படி

வயிற்றைத் திறப்பது கடைசி வழி. இரத்தம் தன்னைத் தானே அழுத்திக்கொண்டிருக்கும் இடத்தைத் திறந்தால் அந்த அழுத்தம் போய் வெள்ளமாகும். அவர் குறுக்கீட்டுக் கதிரியல் (படத்தில் பார்த்தபடி குழாய் வழியே செய்யும் சிகிச்சை) உள்ள பெரிய மருத்துவமனைக்கு இரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதே மாற்றப்பட்டார். படங்கள் முன்னரே அனுப்பப்பட்டிருந்ததால் மேசை தயாராக இருந்தது.

வலது தொடைத் தமனியில் 5 பிரெஞ்சு உறை (பிரெஞ்சு என்பது குழாய்த் தடிமனின் அளவு). பெருந்தமனியில் சாயம் செலுத்தியபோது எதுவும் தெரியவில்லை. இது பலரை ஏமாற்றும் இடம். லம்பார் தமனி சிறியது, ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். வலது மூன்றாம் லம்பார் தமனியில் 6 மி.மீ. போலிப் புடைப்பு, அதாவது சுவர் கிழிந்த இடத்தில் இரத்தம் பைபோலத் தேங்கியது. அடைப்பதற்கு முன் தண்டுவடத்துக்குச் செல்லும் தமனி இதிலிருந்து கிளைக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். அது பெரும்பாலும் மார்புப் பகுதியில் இடப்புறம் கிளம்பும், சிலருக்கு மேல் இடுப்பு மட்டத்திலும். இங்கே இல்லை. 2.4 பிரெஞ்சு நுண்கத்தீட்டர் புடைப்பைத் தாண்டிச் செலுத்தப்பட்டு, அப்பால் இரண்டு காயில் (குழாயை அடைக்கும் கம்பிச்சுருள்), இப்பால் இரண்டு காயில், 2 முதல் 3 மி.மீ. அளவு. இருபுறமும் அடைக்காவிட்டால் பின்வாசல் வழியாக இரத்தம் திரும்பி வரும். பொடித் துகள்களும் திரவமும் வேண்டாம் என்பதே முடிவு, அவை தண்டுவடத்துக்குப் போய்விடலாம். பின்பு இரண்டாம், நான்காம் லம்பார் தமனிகளிலும் சாயம் செலுத்தி, அந்தப் புடைப்புக்கு அவற்றிலிருந்து இரத்தம் வரவில்லை என்று உறுதி செய்யப்பட்டது. இந்தக் கடைசிப் படியைத் தவிர்த்தால் அன்றிரவே மறுபடியும் மேசைக்கு வர நேரிடலாம்.

இந்தக் கசிவுக்கு மொத்தம் மூன்று யூனிட் சிவப்பணு. ஹீமோகுளோபின் 8.8-இல் நின்றது. மூத்திரப்பை வழி வயிற்றழுத்தம் ஆறு மணிக்கொரு முறை அளக்கப்பட்டது, உச்சம் 14 மி.மீ. பாதரசம். 20-ஐத் தாண்டி சிறுநீரும் குறைந்தால் மட்டுமே அறுவை பற்றிப் பேச வேண்டும்.

வடிகட்டியை அப்போதே எடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. எடுக்கவில்லை. காலில் இடுப்பு வரை உறைவு இருக்கிறது, மருந்தும் தர முடியாது. வடிகட்டி இல்லாமல் அடுத்த நுரையீரல் அடைப்பை அவர் தாங்க மாட்டார். தமனி அடைபட்டுவிட்டது, சுவரில் நிற்கும் கம்பி அந்தத் துளைக்குத் தற்காலிக அடைப்பாகவும் இருக்கிறது.

மகள் கேட்ட கேள்வி இதுதான்: 'அம்மாவுக்கு ரத்தம் கட்டுதுன்னு மருந்து குடுத்தீங்க, ரத்தம் போகுதுன்னு நிறுத்துனீங்க, மறுபடியும் குடுக்கப் போறீங்க. இது எப்படி டாக்டர்?' நியாயமான கேள்வி. அதற்குத் தந்த விடை: 'இந்தக் கூடு கட்டியைப் பிடிக்கும்மா, கரைக்காது. கரைய உடம்புக்கு நேரம் வேணும், புதுசா கட்டாம இருக்க மருந்து வேணும். ஓட்டையை அடைச்சாச்சு. இப்ப சின்ன அளவுல தொடங்கி, ஸ்கேன் பாத்துப் பாத்துக் கூட்டுவோம்.' இப்படிச் சொன்னால் குடும்பம் புரிந்துகொள்கிறது, மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் குறைகிறது.

மருந்து திரும்பத் தொடங்கியதும் எடுத்ததும்

அடைத்த ஐந்தாம் நாள் இனாக்ஸாபாரின் 40 மி.கி., நாளுக்கு ஒரு முறை. காற்றழுத்தக் காலுறை இடது காலில் பயன்படுத்தப்படவில்லை, அங்கே புதிய உறைவு. பத்தாம் நாள் சி.டி.யில் கட்டி சுருங்கத் தொடங்கியிருந்தது, கசிவு இல்லை; ஆனால் வடிகட்டிக்குள் சிறு உறைவு சிக்கியிருந்தது, அதன் கொள்ளளவில் கால்பங்குக்கும் குறைவு. வடிகட்டி தன் வேலையைச் செய்திருக்கிறது. அதே சமயம் முழு அளவு மருந்து இனியும் தாமதிக்கக் கூடாது. அன்றே 80 மி.கி. இருவேளை.

புண்ணை உண்டாக்கும் இரைப்பைக் கிருமிக்கான சோதனை நேர்மறை. 14 நாள் சிகிச்சையில் கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல் இரண்டும் வார்ஃபரினின் விளைவைப் பெருக்கும். எனவே அந்தப் பதினான்கு நாள் இனாக்ஸாபாரினிலேயே வைத்து, முடிந்த பின் வார்ஃபரின், அதன் விளைவைக் காட்டும் ஐ.என்.ஆர். இலக்கு 2 முதல் 3. டைக்ளோஃபெனாக்கும் பொடியும் முற்றாக நிறுத்தம், வலிக்குப் பாராசிட்டமால். தொடை நரம்பு பலவீனம் உடற்பயிற்சியோடு படிப்படியாகக் குறைந்தது. ஏழாம் வாரம் கைத்தடியுடன் நடந்தார்.

எடுக்கும் தேதி வடிகட்டி வைத்த அன்றே குறிக்கப்பட வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010-இல் எச்சரித்தபோது 2005 முதல் வந்த 921 புகார்களில் 328 நகர்வு, 146 துண்டுகள் அடித்துச் செல்லப்பட்டது, 70 துளைப்பு, 56 உடைப்பு. 2014-இல் அது சொன்னது, வைத்த 29 முதல் 54 நாளுக்குள் எடுப்பதன் நன்மை மிஞ்சத் தொடங்குகிறது. மருந்து தடையின்றித் தொடங்கிய பிறகும் வடிகட்டி உள்ளேயே கிடப்பதற்குப் பெரும்பாலும் மருத்துவக் காரணம் இருக்காது. யாரும் கூப்பிடவில்லை என்பதே காரணம். பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்கில், தாய் ஒருவரிடமிருந்து இன்னொருவர் வீட்டுக்கு மாறுகிறார், கோப்பு பழைய கிளினிக்கில். நோயாளியின் எண் மட்டும் போதாது; இரண்டு உறவினர்களின் எண்ணும், வடிகட்டியின் வகை, வைத்த தேதி எழுதிய அட்டை கையிலும் இருக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் அந்த அட்டையில் இடம்பெறட்டும்: பின்னாளில் கழுத்து வழியாகக் குழாய் போடுகிறவர் வளைநுனி வழிகாட்டிக் கம்பியை 20 செ.மீ.க்கு மேல் உள்ளே விடக்கூடாது. அது வடிகட்டியில் சிக்கினால், இழுக்கும்போது சிரையே கிழியும்.

எட்டாம் வாரச் சி.டி.யில் வடிகட்டிக்குள் உறைவு கரைந்துவிட்டது. 63-ஆம் நாள், ஐ.என்.ஆர். 1.6-இல், வலது கழுத்து வழியாக 11 பிரெஞ்சு உறையும் கண்ணியும் கொண்டு எடுக்கப்பட்டது. சாய்வு 11 பாகைதான் என்பதால் கொக்கி எட்டியது. உறையைக் கீழே தள்ளி வடிகட்டியை மூட வேண்டும். வடிகட்டியை மேலே இழுத்தால் வெளியே நீண்ட கால் சுவரைக் கிழிக்கும். சிரையை உள்ளிருந்து அடைக்கும் பலூன் மேசையில் தயாராக வைக்கப்பட்டது, தேவைப்படவில்லை. எடுத்த பின் இரு திசையில் சாயப்படம்: துளைத்த இடத்தில் சுவர் சற்றே சொரசொரப்பு, வெளிக்கசிவு இல்லை. எடுத்த வடிகட்டியின் கால்கள் எண்ணிப் பார்க்கப்பட்டன, உடைந்து ஏதும் உள்ளே தங்கவில்லை. ஆறு மணி நேரம் படுக்கையில் வைத்துக் கண்காணிக்கப்பட்டார், அன்றிரவே வார்ஃபரின் மீண்டும் தொடங்கியது, மறுநாள் காலை ஹீமோகுளோபின் 11.2.